காந்த ஊசி காட்டும் திசை

காந்த ஊசியைப் போல எளிய அளவுக் கருவி வேறொன்று காண்பது அரிது. சக்கரமோ, சுருள்வில்லோ, மின்கலமோ அதற்கு வேண்டுவதில்லை. கூரிய முனையொன்றின் மீது தங்குதடையின்றிச் சுழலும் சிறு எஃகுத் தகடே அக்கருவியின் உயிர்நிலையாகும். நில அளவையாளர், வனத்துறையினர், நிலவியலார், கிணறு தோண்ட இடம் தேர்வோர், பள்ளி ஆசிரியர் ஆகிய பலரும் அதனைக் கையாள்கின்றனர். செயற்கைக்கோள்களின் துணையால் இருக்குமிடத்தை அறியும் சாதனங்கள் பரவியுள்ள இக்காலத்திலும் அதன் பயன் குறைந்துவிடவில்லை. அசையாது நிற்பவர் தம் முகம் எத்திசையை நோக்கியுள்ளது என்பதைக் கைப்பேசியில் பார்க்கும்போது, அக்கைப்பேசியினுள் உள்ள காந்த உணர்வுறுப்பே விடை தருகிறது. ஊசிக்குரிய விதிகள் யாவும் அவ்வுறுப்புக்கும் பொருந்தும்.

கருவியின் எளிமை சில வேளைகளில் தவறுக்கும் இடமளிக்கிறது. ஊசி எங்கும் எப்போதும் வடக்கையே காட்டும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. உண்மையில், ஊசி தான் நிற்கும் இடத்தில், தான் நிற்கும் வேளையில் உள்ள காந்தப் புலத்தின் திசையைக் காட்டுகிறது. அப்புலத்தில் பூமியின் பங்கும் உண்டு. அருகில் கிடக்கும் கடப்பாரையின் பங்கும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய ஊசியால் இயலாது; அதனைக் கையாள்பவரே பிரித்தறிதல் வேண்டும்.

திசையில் 1 பாகை பிழை நேர்ந்தால், 1 கிலோமீட்டர் தொலைவு செல்வதற்குள் கோடு ஏறத்தாழ 17½ மீட்டர் விலகிவிடும். சிற்றூர் எல்லையோ, வாய்க்காலின் போக்கோ, காப்புக்காட்டின் வரம்போ அவ்வளவு விலகினால் யாரேனும் ஒருவருடைய நிலம் மற்றொருவருடையதாகிவிடும். ஆதலின் காந்தவியலின் அடிப்படை விதிகளை அறிந்துகொள்வது தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கு மட்டுமன்றிக் களப்பணியாளருக்கும் இன்றியமையாததாகும்.

கவர்தலும் விலக்குதலும்

ஒரு சட்டக் காந்தத்தை இரும்புத் தூளில் புரட்டி எடுத்தால், தூள் அதன் இரு நுனிகளிலும் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். நடுப்பகுதியில் மிகச் சிறிதளவே காணப்படும். காந்த வலிமை மிகுந்து தோன்றும் இவ்விடங்களே முனைகள் எனப்படும். காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டால் வடக்கு நோக்கி நிற்கும் நுனி வடமுனை என்றும், தெற்கு நோக்கி நிற்பது தென்முனை என்றும் பெயர் பெறும். ஒத்த முனைகள் ஒன்றையொன்று விலக்கும். வேற்று முனைகள் ஒன்றையொன்று கவரும்.

ஒரு பொருள் காந்தமா, வெறும் இரும்பா என்று அறிவதில் இங்கு ஒரு நுட்பம் உண்டு. ஊசியின் ஒரு முனையைக் கவர்வதனால் மட்டும் ஒரு பொருளைக் காந்தம் என்று முடிவு கட்டுதல் கூடாது. காந்தமாகாத இரும்பாணியும் ஊசியின் இரு முனைகளையும் ஒருங்கே கவரும். காந்தத்தின் அருகாமையால் ஆணியே தற்காலிகமாகக் காந்தமாகி, ஊசியின் முனைக்கு எதிரே வேற்று முனை உண்டாவதே இதற்குக் காரணம். இதனைக் காந்தத் தூண்டல் என்பர். ஊசியின் ஒரு முனையை விலக்கும் பொருள் மட்டுமே ஐயமறக் காந்தம் எனப்படும். விலக்குதலே உறுதியான சோதனை என்பதை மாணவர்கள் தாமே செய்து காணுமாறு செய்தல் நன்று.

இரும்பின் உள்ளமைப்பு

காந்தமேற்றிய எஃகுத் துண்டொன்றை நடுவில் ஒடித்தால், ஒரு துண்டில் வடமுனையும் மற்றதில் தென்முனையும் தனித்தனியே கிடைக்கும் என எதிர்பார்க்கலாம். அவ்வாறு நிகழ்வதில்லை. ஒடிந்த இடத்தில் புதிய முனைகள் தோன்றி, ஒவ்வொரு துண்டும் இரு முனைகளையுடைய முழுக் காந்தமாகவே அமைகிறது. எத்தனை துண்டுகளாக்கினும் இதே நிலைதான்.

காந்தத்தன்மை இரும்பின் அணுக்களிலேயே உறைந்திருப்பதை இது காட்டுகிறது. அணுவிலுள்ள எலெக்ட்ரான்கள் ஒவ்வொன்றும் மிக நுண்ணிய காந்தமாகச் செயற்படுகின்றன. பெரும்பாலான பொருள்களில் இவற்றின் விளைவுகள் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுசெய்துவிடுகின்றன. இரும்பு, நிக்கல், கோபால்ட் முதலியவற்றில் மட்டும் அண்டையிலுள்ள அணுக்கள் ஒரே திசையில் அணிவகுத்துச் சிறு சிறு பகுதிகளாக அமைகின்றன. இத்தகைய பகுதிகள் உண்டு என்னும் கருத்தைப் பிரெஞ்சு விஞ்ஞானி பியர் வைஸ் 1907-இல் வெளியிட்டார். காந்தமாகாத இரும்பில் இப்பகுதிகள் வெவ்வேறு திசைகளை நோக்கியிருப்பதால் வெளியே விளைவு தோன்றுவதில்லை. வலிய காந்தத்தால் ஒரே திசையில் பலமுறை தேய்க்கும்போது அவை பெரும்பாலும் ஒரு திசைப்படுகின்றன; இரும்பு காந்தமாகிறது.

தேனிரும்பில் இவ்வணிவகுப்பு எளிதில் உண்டாகி எளிதில் கலைந்துவிடும். எஃகில் அது அரிதில் உண்டாகும். ஆயினும் நெடுநாள் நிலைக்கும். இதனாலேயே மின்காந்தத்தின் உள்ளகத்துக்குத் தேனிரும்பையும், திசைகாட்டியின் ஊசிக்கு எஃகையும் பயன்படுத்துகின்றனர். சம்மட்டியால் அடித்தாலும், கீழே போட்டாலும், சூடேற்றினாலும் அணிவகுப்பு குலையும். இரும்பு 770 பாகை செல்சியஸ் வெப்பநிலையை எட்டும்போது அவ்வணிவகுப்பு முற்றிலும் அழிந்துபோகிறது. இது இரும்பின் கியூரி வெப்பநிலை எனப்படும்.

காந்தப் புலம்

காந்தத்தைத் தொடாமலேயே ஊசி திரும்புகிறது. காந்தத்தின் விளைவு உணரப்படும் சுற்றுவெளிக்குக் காந்தப் புலம் என்று பெயர். சட்டக் காந்தத்தின் மீது ஒரு தாளை வைத்து, இரும்புத் தூளைத் தூவித் தாளை மெல்லத் தட்டினால், தூள் வளைகோடுகளாக அமையும். இவை புலத்தின் திசையைக் காட்டும் விசைக் கோடுகள். கோடுகள் நெருங்கியிருக்கும் இடத்தில் புலம் வலிமை மிக்கது. விலகியிருக்கும் இடத்தில் வலிமை குன்றியது.

பூமியின் புலத்தில் ஊசி ஏன் திரும்புகிறது, ஏன் நகர்வதில்லை என்ற வினாவுக்கு எளியதொரு பரிசோதனை விடை தரும். பித்தளை, மண் அல்லது பிளாஸ்டிக் கிண்ணத்தில் நீர் நிரப்பி, காந்தமேற்றிய தையலூசியைத் தக்கைத் துண்டில் செருகி மிதக்கவிட வேண்டும். ஊசி திரும்பி வடக்கு தெற்காக நிற்கும்; ஆனால் கிண்ணத்தின் வடகரையை நோக்கி மிதந்து செல்லாது. ஒரு கிண்ணத்தின் அளவில் பூமியின் புலம் எங்கும் சமமாக இருப்பதால், வடமுனையை ஒருபுறம் இழுக்கும் விசையும் தென்முனையை எதிர்ப்புறம் இழுக்கும் விசையும் அளவில் ஒத்தவை. இவ்விரண்டும் ஊசியைத் திருப்ப மட்டுமே வல்லவை. ஒரு சட்டக் காந்தத்தை அருகில் கொணர்ந்தாலோ, ஊசி திரும்புவதோடு காந்தத்தை நோக்கி நகரவும் செய்யும். அதன் புலம் இடத்துக்கு இடம் மாறுபடுவதே காரணம்.

பூமி என்னும் காந்தம்

பூமியே ஒரு பெரும் காந்தம் என்பதை ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கில்பர்ட் 1600-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். காந்தக்கல்லை உருண்டையாகச் செதுக்கி, அதன் மேற்பரப்பில் சிறு ஊசிகளை வைத்து, அவை பூமியின் மீது ஊசிகள் நிற்பதைப் போன்றே நிற்பதை அவர் காட்டினார்.

இங்கு மாணவர்களிடையே எழும் குழப்பம் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். ஊசியின் வடமுனையைக் கவர்வது வேற்று முனையாகத்தான் இருக்க முடியும். ஆகவே பூமியின் வடபாகத்தில் இருப்பது, காந்தத் தன்மையைக் கருதும்போது, ஒரு தென்முனையே. அது வடக்கே இருப்பதால் வட காந்தத் துருவம் என்று வழங்குகிறது. பெயர் இடத்தைக் குறித்தது, தன்மையைக் குறித்ததன்று.

பூமியினுள் நிலையான சட்டக் காந்தம் ஏதும் இல்லை. அவ்வாறு இருத்தலும் இயலாது. ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும் உட்கரு பெரும்பாலும் இரும்பாலாயது. ஆனால் அதன் வெப்பநிலை கியூரி வெப்பநிலையினும் பன்மடங்கு மிக்கது. அவ்வுட்கருவின் வெளிப்பகுதி உருகிய நிலையில் ஓயாது இயங்கிக்கொண்டிருக்கிறது. அவ்வியக்கத்தால் மின்னோட்டங்கள் எழுகின்றன. அம்மின்னோட்டங்களே பூமியின் புலத்தின் பெரும்பகுதியை உண்டாக்குகின்றன. ஓடும் உலோகத்தினின்று பிறந்த புலமாதலால் அது நிலையாக நிற்பதில்லை; மெல்ல மாறிக்கொண்டே இருக்கிறது. வட காந்தத் துருவத்தை ஜேம்ஸ் கிளார்க் ராஸ் 1831-இல் கனடாவின் வடகோடியில் கண்டறிந்தார். அதன் பின்னர் அது வடக்கு நோக்கி நகர்ந்து, ஆர்க்டிக் பெருங்கடலைக் கடந்து சைபீரியாவின் திசையில் சென்றுகொண்டிருக்கிறது.

ஒதுக்கம்

ஊசி காட்டும் வடக்குக்கும் புவியியல் வடக்குக்கும் இடையிலுள்ள கோணம் காந்த ஒதுக்கம் எனப்படும். சீன அறிஞர் ஷென் குவோ 1088-ஐ ஒட்டி எழுதிய நூலிலேயே, ஊசி நேர் தெற்கைக் காட்டாமல் சற்றுக் கிழக்கே சாய்வதைக் குறிப்பிட்டுள்ளார்.

ஒதுக்கம் இடத்துக்கு இடம் மாறும். இந்தியாவில் அது சிறிய அளவினதே. காஷ்மீரத்தில் கிழக்கே சுமார் 3 பாகை. தில்லியில் கிழக்கே சுமார் 1 பாகை. சென்னையில் மேற்கே 1 முதல் 2 பாகைக்குள். அளவு சிறிதாயினும், ஓரிடத்தில் கூட்ட வேண்டியதை மற்றோரிடத்தில் கழிக்க வேண்டியிருத்தலை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

ஒதுக்கம் காலத்துக்குக் காலமும் மாறும். லண்டனில் 1580-இல் கிழக்கே ஏறத்தாழ 11 பாகையாக இருந்த ஒதுக்கம், 1820-ஐ ஒட்டி மேற்கே 24 பாகையாயிற்று. ஏறக்குறைய 240 ஆண்டுகளில் ஊசி 35 பாகை திரும்பிவிட்டது! பின்னர் அது மெல்லத் திரும்பி, 2019-இல் கிரீனிச்சில் மீண்டும் சுழியாகியது. இந்தியாவில் மாற்றம் இவ்வளவு பெரிதன்று. ஆயினும் பழைய ஆவணமொன்றில் கண்ட திசைக்கோணத்தை அப்படியே இன்றைய ஊசியைக் கொண்டு நிலத்தில் குறித்தல் தவறாகும். அவ்வாவணத்தின் ஆண்டில் ஒதுக்கம் எவ்வளவு, இன்று எவ்வளவு என்று கண்டு, வேறுபாட்டைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும்.

திருத்தும் முறை எளிது. ஒதுக்கம் கிழக்காயின், ஊசியால் கண்ட கோணத்தோடு அதனைக் கூட்ட வேண்டும். மேற்காயின் கழிக்க வேண்டும். ஊசி 64 பாகை காட்டி, அவ்விடத்தில் ஒதுக்கம் மேற்கே 1½ பாகையாயின், உண்மைத் திசைக்கோணம் 62½ பாகை. இந்திய நில அளவைத் துறையின் நிலப்படங்களில் ஒதுக்கத்தின் அளவும் அது கணக்கிடப்பட்ட ஆண்டும் விளிம்பில் அச்சிடப்பட்டிருக்கும். அளவைப் பார்ப்போர் ஆண்டையும் பார்த்தல் வேண்டும்.

சரிவு

ஊசியைக் கிடைமட்டத்தில் மட்டுமன்றி, மேலும் கீழும் திரும்புமாறு தொங்கவிட்டால், இந்தியாவின் பெரும்பகுதியில் அதன் வடமுனை நிலத்தை நோக்கித் தாழும். கிடைமட்டத்தினின்று அது தாழும் கோணம் காந்தச் சரிவு ஆகும். லண்டனைச் சேர்ந்த கருவி வினைஞர் ராபர்ட் நார்மன் இதனை 1581-இல் வெளியிட்ட நூலில் விவரித்தார்.

சரிவு சுழியாக உள்ள இடங்களை இணைக்கும் கோடு காந்த நடுக்கோடு எனப்படும். அது இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. வடக்கே செல்லச் செல்லச் சரிவு மிகும். மும்பைக்கு அருகிலுள்ள அலிபாக்கில் அது ஏறத்தாழ 25 பாகை. தில்லியில் 40 பாகைக்கும் மேல். இதனால், ஓரிடத்துக்கென்று சமன்செய்யப்பட்ட ஊசி மற்றோரிடத்தில் ஒருபுறம் சாய்ந்து கண்ணாடியில் உரசக்கூடும். அளவைத் திசைகாட்டிகளில் ஊசியின் மீது நகர்த்தத்தக்க சிறு பித்தளை எடையொன்று இருப்பது இதனைச் சரிசெய்வதற்கே.

காந்த நடுக்கோட்டின் அண்மை விஞ்ஞான ஆராய்ச்சிக்கும் பயன்பட்டுள்ளது. அக்கோட்டின் மேலே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், பகற்பொழுதில் செறிந்த மின்னோட்டமொன்று வளிமண்டலத்தில் பாய்கிறது. அதனை ராக்கெட்டுகளால் ஆராயத் தக்க இடமாகத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கிருந்து முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21-இல் ஏவப்பட்டது.

மின்னோட்டமும் ஊசியும்

மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகே ஊசி திரும்புவதை டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஏர்ஸ்டெட் 1820-இல் கண்டார். மின்னோட்டம் தன்னைச் சுற்றிக் காந்தப் புலத்தை உண்டாக்கும் என்பது அன்று முதல் உறுதியாயிற்று. இவ்வுண்மை இந்தியாவின் புகழ்மிக்க காந்த ஆய்வகமொன்றையே இடம்பெயரச் செய்த வரலாறு அறியத்தக்கது.

பம்பாயின் கொலாபாவில் 1826-இல் வானாய்வகம் நிறுவப்பட்டது. அங்கே 1841-இல் பூமியின் காந்தத்தை அளக்கும் பணி தொடங்கியது. அவ்வளவீடுகளின் அருமைக்கு ஒரு சான்று கூறலாம். 1859 செப்டம்பர் தொடக்கத்தில் கதிரவனில் எழுந்த பெருங்கொந்தளிப்பின் விளைவாகப் பூமியெங்கும் கடுமையான காந்தப் புயல் வீசியது. அப்போது கொலாபாவில் கிடைமட்டப் புலம் ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லா குறைந்ததாகப் பதிவாகியுள்ளது. பூமியின் மொத்தப் புலம் இடத்துக்கேற்ப 25,000 முதல் 65,000 நானோடெஸ்லா வரை இருக்கும் என்பதோடு ஒப்பிட்டால் அப்புயலின் கடுமை விளங்கும். மின்கட்டமைப்புகளுக்கும் செயற்கைக்கோள்களுக்கும் இத்தகைய புயலால் நேரக்கூடிய இடரை மதிப்பிடும் விஞ்ஞானிகள் இன்றும் அப்பதிவை எடுத்தாள்கின்றனர்.

1900-ஐ ஒட்டிப் பம்பாயில் குதிரைகள் இழுத்த டிராம் வண்டிகளுக்குப் பதிலாக மின்சார டிராம் வண்டிகளை ஓட்டத் திட்டமிடப்பட்டது. இதனால் கொலாபா அளவீடுகளுக்கு நேரக்கூடிய தீங்கைச் சிறு கணக்கு ஒன்றால் உணரலாம். நீண்ட நேரான கம்பியொன்றில் 100 ஆம்பியர் நேர்மின்னோட்டம் சென்றால், 10 மீட்டர் தொலைவில் 2,000 நானோடெஸ்லா அளவுள்ள புலம் உண்டாகும். வடக்கு தெற்காகச் செல்லும் அத்தகைய கம்பி 10 மீட்டர் உயரத்தில் நேர் மேலே இருப்பின், கிடைமட்டப் புலம் 38,000 நானோடெஸ்லா உள்ள இடத்தில், ஊசி ஏறத்தாழ 3 பாகை திரும்பிவிடும். 1 கிலோமீட்டர் தொலைவிலும் புலம் 20 நானோடெஸ்லாவாக இருக்கும். ஆய்வகம் அளக்க வேண்டிய இயற்கையான அன்றாட மாற்றமோ பல பத்து நானோடெஸ்லா அளவினதே. டிராம் வண்டியின் மின்னோட்டம் தண்டவாளத்தின் வழியே திரும்பும்போது ஒரு பகுதி மண்ணுக்குள் கசிந்து எங்கும் பரவுவதும் தொல்லையை மிகுவிக்கும்.

அப்போது ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தவர் நானாபாய் அர்தேஷிர் பிராம்ஜி மூஸ். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. நகரினின்று ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தென்கிழக்கே, கடற்கரையில் அமைந்த அலிபாக் புதிய இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. காந்தத்தன்மையற்ற போர்பந்தர் கல்லால் அங்கே கட்டடம் எழுப்பப்பட்டது. 1904-இல் அலிபாக்கில் அளவீடு தொடங்கிய பின்னரும் கொலாபாவில் பணி உடனே நிறுத்தப்படவில்லை. 1906 வரை இரண்டு ஆண்டுகள் ஈரிடங்களிலும் ஒருங்கே அளந்து, அவற்றுக்கிடையிலுள்ள வேறுபாட்டைக் கண்டறிந்தனர். அதனாலேயே 1841-இல் தொடங்கிய பதிவு அறுபடாமல் அலிபாக்கில் தொடர்ந்தது. மின்சார டிராம் பம்பாயில் 1907-இல் ஓடத் தொடங்கி 1964-இல் நின்றுபோயிற்று. அலிபாக் ஆய்வகமோ இன்றும், 1971-இல் தன்னாட்சி பெற்ற இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின்கீழ்ப் பணிபுரிந்து வருகிறது. கருவியை மாற்றும்போதும் இடத்தை மாற்றும்போதும் பழையதையும் புதியதையும் சிறிது காலம் சேர்த்து இயக்கி ஒப்பிடுதல் எல்லா அளவைப் பணிக்கும் ஏற்ற முறையாகும்.

களத்தில் கவனிக்க வேண்டியவை

இரும்பு வேலி, நீர்க்குழாய், தண்டவாளம், மோட்டார் வண்டி, அளவைச் சங்கிலி, சாவிக்கொத்து, கைப்பேசி ஆகியன ஊசியைத் திருப்பக்கூடியவை. கைப்பேசியின் ஒலிபெருக்கியில் சிறு காந்தம் உண்டு. மாறுமின்னோட்டம் செல்லும் மின்கம்பியின் அடியில் ஊசி திரும்பாது. மின்னோட்டத்தின் திசை நொடிக்கு 100 முறை மாறுவதால் ஊசியால் அதனைப் பின்பற்ற இயலாது. ஆயினும் கம்பியைத் தாங்கும் எஃகுக் கோபுரம் ஊசியைத் திருப்பும். ஐயத்துக்குரிய பொருளை ஊசியின் அருகே கொணர்ந்து மெல்ல அகற்றிப் பார்த்தால், எவ்வளவு தொலைவில் அதன் விளைவு மறைகிறது என்பது தெரிந்துவிடும்.

பாறைகளும் ஊசியைத் திருப்பும். தக்காணத்தின் கருங்கல் போன்ற எரிமலைப் பாறைகளில் மாக்னடைட் என்னும் இரும்புக் கனிமம் கலந்துள்ளது. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அவை குளிர்ந்து இறுகியபோது, அன்றைய பூமியின் புலத்திசையைத் தம்முள் பதித்துக்கொண்டன. அவற்றுள் பெரும்பாலானவை அக்காலத்துப் புலம் இன்றைய திசைக்கு எதிர்த்திசையில் இருந்ததைக் காட்டுகின்றன. இந்திய நிலப்பகுதி அன்று பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்தது என்பதும் அவற்றின் சரிவைக் கொண்டே கணிக்கப்பட்டது. விஞ்ஞானிக்குச் சான்றாகும் இக்காந்தம், அதே பாறையின் மீது திசைகாட்டியை வைப்பவருக்குப் பிழையாகும்.

இத்தகைய உள்ளூர்க் கவர்ச்சியைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி ஒன்று உண்டு. ஒரு கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனையை நோக்கிய கோணமும், மறுமுனையிலிருந்து திரும்ப நோக்கிய கோணமும் 180 பாகை வேறுபட வேண்டும். எடுத்துக்காட்டாக, 'அ'விலிருந்து 'ஆ'வை நோக்க 64 பாகையும், 'ஆ'விலிருந்து 'அ'வை நோக்க 244 பாகையும் கிடைத்தால், பொதுவாக இரு இடங்களும் குற்றமற்றவை எனக் கொள்ளலாம். அடுத்து, 'ஆ'விலிருந்து 'இ'யை நோக்க 122 பாகை கிடைத்தால், 'இ'யிலிருந்து 'ஆ'வை நோக்க 302 பாகை கிடைக்க வேண்டும். அதற்கு மாறாக 299 பாகை கிடைத்தால், குற்றம் 'இ'யில் உள்ளது. ஊசி அங்கே 3 பாகை குறைத்துக் காட்டுகிறது. எனவே 'இ'யிலிருந்து எடுத்த எல்லாக் கோணங்களோடும் 3 பாகை கூட்டிக்கொள்ள வேண்டும். திரும்ப நோக்காமல் விட்டிருந்தால் அப்பிழை அடுத்த கோட்டிலும் ஏறியிருக்கும். 1 கிலோமீட்டர் செல்வதற்குள் 50 மீட்டருக்கு மேற்பட்ட விலகல்! திரும்ப நோக்குவதற்கு ஆகும் சில நிமிடங்களைச் சேமிக்க முயல்வது அறிவுடைமை ஆகாது.

பள்ளியில் செய்யத்தக்க சோதனை

பள்ளிகளிலுள்ள சிறு திசைகாட்டிகள் வலிய காந்தங்களுடன் ஒரே பெட்டியில் வைக்கப்படுவதால், சில வேளைகளில் அவற்றின் முனைகள் தலைமாறிவிடுகின்றன. அத்தகைய ஊசியைக் கொண்டு பாடம் கற்கும் மாணவர், தெற்கை வடக்கென்று எழுதிவைப்பர். ஆகவே ஊசியை நம்புமுன் அதனைக் கதிரவனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

பழைய இந்திய வானநூல்களில் கூறப்பட்டுள்ள சங்கு நிழல் முறை இதற்குப் போதும். சமதரையில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதனை மையமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைய வேண்டும். முற்பகலில் குச்சியின் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் மீண்டும் தொடும் இடத்தையும் குறித்துக்கொண்டு, இரு குறிகளையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். அதற்குச் செங்குத்தாகக் குச்சியின் வழியே வரையும் கோடு வடக்கு தெற்குக் கோடாகும். கதிரவன் உதிக்கும் திசையைக் கொண்டு எது வடக்கு எனத் தெரிந்துகொள்ளலாம். இரும்புப் பொருள் ஏதும் அருகில் இல்லாதவாறு பார்த்துக்கொண்டு, ஊசியை அக்கோட்டின் மீது வைத்தல் வேண்டும். நம் நாட்டில் ஒதுக்கம் சிறிதாதலின், ஊசி கோட்டை ஏறக்குறைய ஒட்டி நிற்க வேண்டும். 5 அல்லது 10 பாகை விலகினால் அருகில் எங்கோ இரும்பு மறைந்துள்ளது. வடமுனை தெற்கை நோக்கினால் ஊசி தலைமாறியுள்ளது.

தலைமாறிய ஊசியை மாணவர்களே சரிசெய்யலாம். வடமுனையாக வேண்டிய நுனியில் வந்து முடியுமாறு, ஒரு வலிய காந்தத்தின் தென்முனையால் ஊசியை ஒரே திசையில் பலமுறை தேய்க்க வேண்டும். தேய்ப்பு முடியும் நுனியில், தேய்க்கும் முனைக்கு வேற்றான முனை உண்டாகும். பின்னர் அதனை நிழற்கோட்டின் மீது மீண்டும் சோதித்து, சட்டக் காந்தங்களினின்று விலக்கித் தனியே வைத்தல் வேண்டும்.

களப்பணியாளர் தம் குறிப்பேட்டில் ஒவ்வொரு திசைக்கோணத்தோடும் இடம், நாள், ஆண்டு, பயன்படுத்திய கருவி ஆகியவற்றைக் குறித்துவைப்பாராக. ஊசி அன்று காட்டியது அன்றைய புலத்தையே. 50 ஆண்டுகளுக்குப் பின் அவ்வெல்லையை மீண்டும் அளக்க வருபவர், ஆண்டு குறித்த கோணத்தைத் திருத்திப் பயன்கொள்ள இயலும். ஆண்டு குறிக்காத கோணத்தைக் கொண்டு வழக்கு ஒன்றைத் தொடங்க மட்டுமே இயலும்.